மடை திறந்தவரின் பெயர் ஆயக்கட்டில் இல்லை

தமிழர்களின் நீர் மேலாண்மை பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். கல்லணைப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. குமிழித் தூம்பின் வரைபடத்தைப் போட்டு, 'அன்றே சாதித்தான் தமிழன்' என்று ரீல்ஸ் வருகிறது. பெருமைப்படுவதில் தவறு ஒன்றும் இல்லை. ஏரி, கண்மாய், குளம் என்று சுமார் 39,000 நீர்நிலைகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. பருவமழையைத் தவிர வேறு நாதியில்லாத வறண்ட சமவெளியில் நெல் விளைந்ததென்றால் அதற்குக் காரணம் இவைதான்.

ஆனால் அந்தத் 'தமிழன்' யார்? ஏரி நிறைந்து நிற்கும்போது நீரில் முங்கி, தூம்பின் அடைப்பைத் தூக்கியவர் யார்? ஐப்பசி அடைமழையில், நள்ளிரவில் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு கரையைச் சுற்றி வந்தவர் யார்? அவர் எந்தத் தெருவில் குடியிருந்தார்? அறுவடை முடிந்ததும் களத்தில் எந்தப் பக்கம் நின்று நெல்லை வாங்கினார்? இதை எந்த ரீல்ஸும் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வகை நிலத்துக்கும் ஒரு பாசன முறை இருந்தது. ஒவ்வொரு பாசன முறைக்கும் அடியில் சாதியால் கட்டப்பட்ட ஓர் உழைப்பு முறையும் இருந்தது. முதலாவதைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். இரண்டாவதைப் படிப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இன்றைக்கு நிலம் யாரிடம் இருக்கிறது, தண்ணீர் யாரிடம் இருக்கிறது என்பது புரியும்.

நிலத்துக்கு ஏற்ற தண்ணீர்

முதலில் தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வேளாண்மைக் கல்லூரியில் 'மேற்பரப்புப் பாசனம்' என்று சொல்லித்தருவதை நம் ஊர்க்காரர்கள் 'தண்ணி கட்டுறது' என்பார்கள். குழாயோ தெளிப்பானோ இல்லாமல், மண்ணின் மேலேயே தண்ணீரை ஓடவிட்டுப் பயிருக்குச் சேர்ப்பது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்ற ஒரே இயல்பை வைத்துக்கொண்டு செய்யும் வேலை இது.

நெல் விளையும் நன்செயில் வயலைச் சமப்படுத்தி, நான்கு பக்கமும் வரப்பு கட்டி, தண்ணீரைத் தேக்குவார்கள். களிமண் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும். ஒரு வயல் நிரம்பியதும் வரப்பில் வாமடையை வெட்டி அடுத்த வயலுக்கு விடுவார்கள். கேழ்வரகு, மிளகாய், நிலக்கடலை போன்றவற்றுக்குப் பாத்தி. மணல் கலந்த மண் என்றால் தண்ணீரைச் சீக்கிரம் குடித்துவிடும், அதனால் பாத்தி சிறிதாக இருக்கும். கெட்டியான மண்ணில் பெரிதாகப் பிடிக்கலாம். கரும்புக்கும் பருத்திக்கும் பாரும் சாலும். தென்னைக்கும் மாவுக்கும் மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தி. இவை எதுவும் எட்டாத மேட்டு நிலம் மானாவாரி. வானம் பார்த்த பூமி.

இது வெறும் மண்வெட்டி வேலை போலத் தெரியும். அப்படியில்லை. எந்த வயல் மேடு, எது பள்ளம், எந்த மண் எவ்வளவு குடிக்கும், மதகை எத்தனை விரல் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது போய்ச் சேரும் என்பதெல்லாம் தலைக்குள் இருக்க வேண்டும். படித்துப் பட்டம் வாங்கிய பொறியாளர் அளவுகோல் வைத்துச் செய்வதை இவர்கள் காலால் மிதித்துப் பார்த்துச் செய்தார்கள். அந்த அறிவு யாரிடம் இருந்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

ஏரி நன்செய்: நீர்க்கட்டி

ஏரிப் பாசனம் நடந்த பகுதிகளில் தண்ணீரைப் பங்கிடும் வேலைக்கென்று ஒருவர் இருந்தார். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, நீராணி, கம்புக்கட்டி, மடையர் என்று பகுதிக்கு ஒரு பெயர். வட மாவட்டங்களில் பல ஊர்களில் தோட்டி, வெட்டியான் என்று அழைக்கப்பட்டவர்களே இந்த வேலையையும் பார்த்தார்கள். பெரும்பாலான ஊர்களில் இவர்கள் பறையர், பள்ளர் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். வேலை பரம்பரையாக வந்தது.

என்னென்ன செய்தார்கள்? மதகைத் திறப்பது, மூடுவது. வாய்க்காலைச் செதுக்கிச் சுத்தமாக வைப்பது. ஒவ்வொரு வயலுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுவது. மழைக்காலத்தில் கரையைக் காவல் காப்பது, நண்டு வளையும் எலி வளையும் பெரிதாகி உடைப்பு எடுப்பதற்கு முன் அடைப்பது, கலங்கல் வழிகிறதா என்று பார்த்து ஊருக்குச் சொல்வது. ஏரியில் தண்ணீர் குறைந்தால் இந்தப் போகத்துக்கு எத்தனை ஏக்கர் தாங்கும் என்று மதிப்பிடுவதிலும் அவர் சொல்லுக்கு எடை இருந்தது.

கூலி? பணமாக அல்ல. அறுவடையில் ஏக்கருக்கு இத்தனை கதிர்க்கட்டு, களத்தில் இத்தனை மரக்கால் நெல் என்று ஊருக்கு ஊர் வழக்கம். சில ஊர்களில் சிறு துண்டு மானிய நிலம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுப் பகுதி ஊர்களை அளந்து கணக்கெடுத்தபோது, ஊர் விளைச்சலில் கோயில் முதல் வெட்டியான் வரை யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதிவைத்தார். அந்தக் கணக்கை இன்று 'தன்னிறைவான கிராம சமுதாயம்' என்பதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. நாம் அதே கணக்கை வேறு விதமாகவும் படிக்கலாம். நிலத்தின் பங்கைப் பெற்றவர் யார், விளைச்சலின் மிச்சத்தைப் பெற்றவர் யார் என்று பிரித்துப் பாருங்கள். 'சுதந்திரம்' என்று அந்தக் களத்துமேட்டுப் பங்குக்குப் பெயர் வைத்திருந்தார்கள். கையேந்தி வாங்குகிற நெல்லுக்குச் சுதந்திரம் என்று பெயர்!

நீர்க்கட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரு விஷயத்தை வியந்து சொல்வார்கள்: 'அவர் பாரபட்சம் பார்க்காமல் தண்ணீர் விடுவார்.' உண்மைதான். ஆனால் ஏன்? ஆயக்கட்டில் அவருக்கு நிலம் இல்லை. எந்த வயலுக்கு முதலில் பாய்ந்தாலும் அவருக்கு ஆதாயம் இல்லை. நிலமற்றவர் என்பதாலேயே ஊர் அவரை நம்பியது. அவருடைய நடுநிலைமையைப் புகழ்வதும் அவருடைய நிலமின்மையைச் சொல்வதும் ஒன்றேதான். தனக்கென்று ஒரு குழி வயல்கூட இல்லாதவரிடம் ஊரின் தண்ணீரையெல்லாம் ஒப்படைத்துவிட்டு, அதை நேர்மை என்று கொண்டாடுவது எவ்வளவு வசதி!

இன்னொன்று. அவர் கைபட்ட தண்ணீர் வயலில் பாய்ந்தது. அந்த வயலில் விளைந்த நெல் அக்ரஹாரத்துக்கும் போனது, கோயில் மடைப்பள்ளிக்கும் போனது. தீட்டு இல்லை. அதே மனிதர் ஊர்க் கிணற்றில் ஒரு வாளி இறைத்தால் தீட்டு. 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்ததை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். இங்கே, அதற்கு மூன்றாண்டு முன்பு 1924-இல், சென்னை சட்டமன்றத்தில் பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாவற்றையும் நம் மக்கள் பயன்படுத்தத் தடையில்லை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். தண்ணீரை உழைப்பாகத் தொடலாம், உரிமையாகத் தொடக்கூடாது என்பதே அந்தக் கால விதி. தீட்டு என்பது தண்ணீரைப் பற்றியது அல்ல, உரிமையைப் பற்றியது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

கால் வேலி நிலம்

உத்திரமேரூர் கல்வெட்டுகளை 'குடவோலை முறை, உலகின் பழைய ஜனநாயகம்' என்று பள்ளியில் படித்திருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. அதில் ஏரி வாரியம் என்று ஒரு குழு வருகிறது. ஏரியைப் பராமரிக்கும் பொறுப்பு அந்த வாரியத்துக்கு. அதில் உறுப்பினராகத் தகுதி என்ன? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட ஊரின் சபை. ஒரு வேலி என்பது ஏறத்தாழ 6.6 ஏக்கர், கால் வேலி என்றால் ஒன்றரை ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல்.

கொஞ்ச காலம் கழித்து, ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களை வழங்கிய கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட இடங்களின் பட்டியல் வருகிறது. ஊர் நத்தம், குளங்கள், ஊர் வழியே போகும் வாய்க்கால்கள், சுடுகாடு என்று போகும் அந்தப் பட்டியலில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இருக்கின்றன. இரண்டு கல்வெட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்றில் ஏரியை நிர்வகிக்கத் தகுதியுள்ளவர் யார் என்று இருக்கிறது. மற்றதில் அந்தத் தகுதிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் குடியிருப்பு இருக்கிறது. நிர்வாகம் ஒருவருக்கு, மண்வெட்டி இன்னொருவருக்கு என்ற பிரிவினைக்கு ஆயிரம் ஆண்டு வயது.

இந்தக் 'கால் வேலி'யை நினைவில் வையுங்கள். பிறகு திரும்பி வருவோம்.

காவிரிப் படுகை: வயல்விட்டு வயல்

காவிரிப் படுகையில் ஏரி கிடையாது என்றில்லை; ஆனால் அங்கே எல்லாம் ஆற்று வாய்க்கால். ஆறு, கிளை ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து வயலுக்கு வரும். நிலம் கிட்டத்தட்டச் சமதளம் என்பதால் தண்ணீரைக் கொண்டுவருவது பாதி வேலை, வடியவிடுவது மறுபாதி. ஆண்டுதோறும் வாய்க்காலைத் தூர்வாராவிட்டால் கடைமடை காய்ந்துபோகும், வடிகாலை வெட்டாவிட்டால் நடுவை அழுகிப்போகும்.

இந்த வேலைக்கு வைத்த பெயர் குடிமராமத்து. குடிகள் சேர்ந்து செய்யும் மராமத்து என்று அழகாகச் சொல்வார்கள். 1858-இல் கம்பெனி அரசு சென்னை மாகாணத்துக்கு ஒரு சட்டம் போட்டது. அதற்குப் பெயரே 'கட்டாய உழைப்புச் சட்டம்'. ஏரியோ ஆற்றுக்கரையோ உடையும் ஆபத்து என்றால் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம். வழக்கப்படி செய்ய வேண்டிய மராமத்தைச் செய்யத் தவறினால் அந்த உழைப்பின் மதிப்பைப்போல இருமடங்கு பணம் வசூலிக்கலாம். சட்டத்தில் கடமை நிலக்காரருக்கு. ஆனால் மிராசுதார் வாய்க்காலில் இறங்கவில்லை. அவருடைய பண்ணையாள் இறங்கினார். 1843-இல் அடிமை முறைக்குச் சட்டத்தில் இருந்த அங்கீகாரம் நீக்கப்பட்ட பிறகும், தஞ்சையில் பண்ணையாள் முறை நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 1952-இல்தான் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதன் பின்னணியில் இருந்தது கூலிப் போராட்டம். நெல் வயலில் தண்ணீர் கட்டி, நாற்று நட்டு, அறுத்துக் களம் சேர்த்தவர்கள் இன்னும் கொஞ்சம் நெல் கேட்டார்கள். அவ்வளவுதான்.

பாசன முறையே எப்படி அதிகாரமாகிறது என்பதற்குக் காவிரிப் படுகை நல்ல எடுத்துக்காட்டு. வயல்விட்டு வயல் பாய்ச்சும் முறையில் ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயல்காரர் வாமடையைத் திறந்தால்தான் கீழ் வயலுக்குத் தண்ணீர். நிலக்காரர்களுக்குள் உறவும் பேச்சும் இருக்கும்வரை இது நன்றாக ஓடும். போராடியோ, கடன்பட்டோ, அரசுத் திட்டத்திலோ ஒரு தலித் குடும்பம் கால் காணி வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் பட்டா இருக்கிறது. ஆனால் தண்ணீர் மேல் வயல்காரரின் வரப்பைத் தாண்டி வர வேண்டும். அவர் 'இன்றைக்கு என் வயலில் மருந்து அடித்திருக்கிறேன்' என்று சொன்னால் போதும். எந்தச் சட்டத்தையும் மீறாமல், யார் மேலும் கை வைக்காமல் ஒரு பயிரைக் காயவிட முடியும். இது வன்கொடுமை வழக்கில் வராத வன்கொடுமை. நிலம் கேட்கும்போது அதோடு வாய்க்காலும் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தோட்டக்கால்: கவலையும் தோலும்

கொங்குப் பகுதிக்கு வருவோம். அங்கே ஏரி குறைவு, மழையும் குறைவு. தோட்டக்கால் நிலத்துக்குக் கிணறுதான் ஆதாரம். கிணற்றிலிருந்து நீர் இறைக்கக் கவலை. சில ஊர்களில் கமலை என்பார்கள். மாடுகள் சரிவில் இறங்கும்போது கயிறு இழுபட்டு, பெரிய தோல் பறி நிறைந்து மேலே வரும். அதன் வால் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். மாடுகள் பின்னால் நடக்கப் பறி மறுபடி கீழே இறங்கும். தொட்டியிலிருந்து வாய்க்கால் வழியாகப் பாத்திக்குத் தண்ணீர் போகும். ஒருவர் மாடு ஓட்ட, இன்னொருவர் மண்வெட்டியோடு நின்று ஒரு பாத்தி நிறைந்ததும் மூடி அடுத்ததைத் திறப்பார். விடியற்காலையில் தொடங்கினால் வெயில் ஏறும்வரை இதே நடைதான்.

அந்தத் தோல் பறி எங்கிருந்து வந்தது? செத்த மாட்டை எடுத்துச்சென்று, தோலுரித்து, பதப்படுத்தி, பறி தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். கிழிந்தால் தைப்பதும் அவர்கள்தான். மாடு ஓட்டியதும் பாத்தி கட்டியதும் பெரும்பாலும் அவர்கள்தான். ஆண்டுக்கு இவ்வளவு தானியம் என்று ஒரு பண்ணையத்தோடு தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தார்கள். தோல் தொட்டவர் தீட்டு. ஆனால் தோலில் மொண்ட தண்ணீர் தீட்டு அல்ல. மறுபடியும் அதே விதி.

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவை வட்டாரத்துக்கு மின்சாரம் வந்தது. பின்னாலேயே பம்புசெட் வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் கவலை மறைந்தது. இதைப் பற்றி வரலாற்றாய்வாளர் குன்னெல் செடர்லோஃப் ஒரு நூலே எழுதியிருக்கிறார். தோல் பறி தேவையற்றுப் போனதும் அருந்ததியருக்கும் பண்ணையத்துக்கும் இருந்த பழைய பிணைப்பு அறுந்தது. பிணைப்பு அறுந்தது நல்லதுதான். அடிமைத்தனம் யாருக்கும் வேண்டாம். ஆனால் பிணைப்போடு ஆண்டுக்கு ஒருமுறை கிடைத்த தானியமும் போயிற்று, நிலம் மட்டும் வரவில்லை. இயந்திரம் சாதியை ஒழித்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். இயந்திரம் உழைப்பை மிச்சப்படுத்தியது. மிச்சமான லாபம் கிணறு யாருடையதோ அவருக்குப் போனது.

மானாவாரி: தண்ணீர் இல்லாமல் தந்த நிலம்

இனி நமக்கென்று தந்த நிலத்தைப் பார்ப்போம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், அந்த மாவட்டப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் 1010 எண்ணுள்ள அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலங்களை ஒப்படைக்கும் ஏற்பாடு அது. அப்படி மாகாணம் முழுக்கத் தரப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

பஞ்சமி நிலம் எப்படிப் பறிபோனது என்பதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக்கூடாது, அதன்பிறகும் வேறு சமூகத்தாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும் நிலம் கைமாறியது. 1994-இல் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது, அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் நீத்தார்கள். அந்தத் தியாகம் நம் இயக்கத்தின் அடித்தளம்.

நான் இங்கே சேர்க்க விரும்புவது ஒரே ஒரு கேள்வி. அந்த நிலத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்திருக்கும்? ஏரிப் பாசனத்தில் ஆயக்கட்டு என்று ஒரு எல்லை உண்டு. எந்தெந்த சர்வே எண்ணுக்கு இந்த ஏரித் தண்ணீர் பாயும் என்று நில வரித்திட்டப் பதிவேட்டில் எழுதி முடித்துவிட்டார்கள். ஆயக்கட்டுக்கு வெளியே அனுமதியின்றித் தண்ணீர் எடுத்தால் தீர்வை போட 1865-லேயே பாசனத் தீர்வைச் சட்டம் வந்துவிட்டது. தரிசு என்றாலே பெரும்பாலும் ஆயக்கட்டுக்கு வெளியே இருப்பது, மேட்டு நிலம். அதாவது எந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக ஏரித் தண்ணீரைப் பங்கிட்டார்களோ, அவர்களுக்கு நிலம் தரும்போது அந்த ஏரித் தண்ணீர் எட்டாத இடத்தில் தந்தார்கள். மானாவாரியில் இரண்டு வருடம் மழை பொய்த்தால் கடன். கடன் வந்தால் நிலம் அடகு. பஞ்சமி நிலம் கைமாறியதற்கு ஆதிக்க சாதியின் சூழ்ச்சியும் அதிகாரிகளின் உடந்தையும் காரணம். தண்ணீர் இல்லாததும் ஒரு காரணம்.

பிறகு கிணறு வெட்டித் தரும் திட்டங்கள் வந்தன. 1988-89-இல் மத்திய அரசு 'பத்து லட்சம் கிணறுகள்' திட்டத்தைத் தொடங்கியது. பட்டியல் சாதி, பழங்குடிச் சிறு விவசாயிகளுக்கும் மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்கும் திறந்த கிணறு வெட்டித் தருவது அதன் நோக்கம். நல்ல திட்டம். ஆனால் அதே காலத்தில் பணம் உள்ளவர்கள் ஆழ்துளைக் கிணறு போடத் தொடங்கினார்கள். நிலத்தடி நீருக்கு வரப்பு கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் பல நூறு அடிக்குக் குழாய் இறங்கினால் நாற்பது அடிக் கிணறு வற்றும். இலவச மின்சாரமும் மோட்டார் வைத்திருப்பவருக்குத்தான். மேல் வயல்காரர் வாமடையை அடைத்த கதைதான் இது. இம்முறை வாமடை கண்ணுக்குத் தெரியாமல் பூமிக்கு அடியில் இருக்கிறது.

கால் வேலி திரும்பி வருகிறது

2000-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்கப்படுகின்றன. சங்கத்தில் யார் உறுப்பினர்? அந்தப் பாசனப் பகுதியில் நிலம் உள்ளவர்கள். 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஏரிகளைச் சீரமைக்கும் திட்டத்தை மாநில அரசு மீண்டும் தொடங்கியபோதும், பணிகள் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கங்கள் மூலமாகவே என்றார்கள்.

உத்திரமேரூரில் கால் வேலி நிலம் கேட்டார்கள். இப்போது ஆயக்கட்டில் பட்டா கேட்கிறார்கள். வேதம் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை. ஆனால் ஒரு ஊரில் ஆயக்கட்டு நிலம் முழுக்க ஒரு சாதியிடம் இருந்தால், நிலம் கேட்பதும் சாதி கேட்பதும் ஒன்றுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. சாகுபடி நிலத்தில் நம் பங்கு அதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஏரியில் இறங்கி மடையைத் திறக்கும் நீர்க்கட்டிக்கு அந்த ஏரியின் சங்கத்தில் ஓட்டு இல்லை. ஏரியில் மாடு கழுவுகிறவர், புல் அறுக்கிறவர், கரம்பை மண் எடுக்கிறவர், துணி துவைக்கிற பெண்கள் ஆகியோரும் நீரைப் பயன்படுத்துவோர்தான். சட்டத்தின் கண்ணில் அவர்கள் பயன்படுத்துவோர் அல்ல.

இன்று பல ஊர்களில் நீர்க்கட்டிகளின் பிள்ளைகள் அந்த வேலைக்கு வருவதில்லை. 'பாரம்பரிய அறிவு அழிகிறது' என்று சிலர் வருந்துகிறார்கள். நான் அந்த வருத்தத்தில் சேரமாட்டேன். கதிர்க்கட்டுக்காக இரவில் கரையில் நிற்கும் வேலையை விட்டு ஒரு பிள்ளை கல்லூரிக்கு வந்தால் அது விடுதலை. அந்த அறிவு வேண்டும் என்று ஊர் நினைத்தால் வழி இருக்கிறது: அதை அரசு வேலையாக்குங்கள், மாதச் சம்பளம் கொடுங்கள், எல்லாச் சாதியினருக்கும் திறந்துவிடுங்கள், நிலமற்றோருக்கும் சங்கத்தில் ஓட்டுக் கொடுங்கள். அப்போது எத்தனை பேர் பாரம்பரியம் பேசுகிறார்கள் என்று பார்ப்போம்.

அண்ணல் எழுதிவைத்தது

அம்பேத்கரைத் தண்ணீரோடு சேர்த்து நினைக்கும்போது மகத் மட்டும்தான் நம் நினைவுக்கு வருகிறது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, நாட்டின் பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளம் போட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அரசமைப்புச் சட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 1947-இல் அவர் வெளியிட்ட 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில், விவசாயம் அரசுத் தொழிலாக வேண்டும் என்றார். நிலம் சாதி, மத வேறுபாடின்றிக் கிராம மக்களுக்குக் கூட்டுப்பண்ணையாகத் தரப்பட வேண்டும். அதோடு நிற்கவில்லை. அந்தப் பண்ணைகளுக்குத் தண்ணீர், உழவு மாடு, கருவி, எரு, விதை எல்லாவற்றையும் தருவது அரசின் கடமை என்றும் எழுதினார். அந்தப் பட்டியலில் முதலில் இருப்பது தண்ணீர். வெறும் நிலம் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தோழர்களே, அடுத்தமுறை களஆய்வுக்கோ இயக்க வேலைக்கோ ஓர் ஊருக்குப் போகும்போது, சேரியில் எத்தனை பேருக்கு நிலம் இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த நிலம் ஆயக்கட்டுக்கு உள்ளேயா வெளியேயா? எந்த மடை? அந்த மடையில் எத்தனையாவது வயல்? தண்ணீர் யார் வரப்பைத் தாண்டி வருகிறது? மடையைத் திறப்பவர் யார், அவருக்கு யார் எவ்வளவு தருகிறார்கள்? சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் எத்தனை பேர் நம்மவர்? ஏரி மீன் ஏலமும் கருவேல மர ஏலமும் யாருக்குப் போகின்றன? கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். நன்செய், புன்செய் என்று ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எழுதியிருக்கும். பஞ்சமி நிலப் பட்டியலை அதோடு ஒப்பிடுங்கள். விடைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம், கிராம சபையிலும் கேட்கலாம்.

நிலம் மீட்பது நம் கோரிக்கை. அதில் பாயும் தண்ணீரும் நம் கோரிக்கையாக வேண்டும். மடையைத் திறக்கத் தெரிந்த மக்களுக்கு, எப்போது திறப்பது என்று முடிவெடுக்கும் உரிமையும் வேண்டும்.